கூரை போட்ட மரப்பாலங்கள்: ஒரு நாள் போதுமா?

“நியூ இங்கிலாந்து பக்கம் கூரை போட்ட பழைய மரப்பாலங்களைப் பார்க்க ஒரு நாள் போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று பாலத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலைதான் நியூ இங்கிலாந்து. அதில் வெர்மான்ட் மாநிலத்தில் மட்டும் சுமார் நூறு இருக்கின்றன. முதல் தடவை நாங்கள் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஒன்பது பாலம், ஒன்பது செல்ஃபி. வீட்டுக்கு வந்து பார்த்தால் எது எந்தப் பாலம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் தடவை ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். பாஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பிராட்டில்பரோ. அங்கிருந்து 30-ஆம் எண் சாலையில் கொஞ்ச தூரத்தில் வெஸ்ட் டம்மர்ஸ்டன் பாலம். 1872-இல் கட்டியது, 280 அடி நீளம். காரை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பலகைகளைப் பெருக்கல் குறி மாதிரி சாய்த்து, நெருக்கமாகப் பின்னியிருப்பார்கள். குறுக்கே சேரும் இடமெல்லாம் உருண்டையான மர ஆணி. அப்பா ஒன்றைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நம்ம ஆசாரி மூங்கில் ஆணி அடிப்பாரே, அதே வேலைடா” என்றார்.

இந்தப் பின்னல் வடிவத்துக்கு ஐதியெல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை வாங்கினார். பெரிய உத்தரங்கள் தேவையில்லை. மர அறுவை ஆலையில் கிடைக்கும் சாதாரணப் பலகையே போதும். உள்ளூர்த் தச்சர்களே கட்டிவிடலாம் என்பதால் வேகமாகப் பரவியது.

“மழைக்கு ஒதுங்கவா இவ்வளவு பெரிய கூரை?” என்று அப்பா கேட்டார். ஆட்களுக்காக இல்லை, மரத்துக்காக. பாரம் முழுக்க அந்தப் பக்கச் சட்டங்களில்தான் நிற்கிறது. நனைந்து நனைந்து காய்ந்தால் பத்து, இருபது வருடத்தில் உளுத்துவிடும். கூரை இருந்தால் நூறு வருடம் தாண்டும். பனியைத் தடுக்கவும் இல்லை. சொல்லப்போனால், குளிர்காலத்தில் சறுக்குவண்டி போவதற்காக வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்புவார்களாம்!

அடுத்தது பார்ட்டன்ஸ்வில். 1870-இல் கட்டிய பாலத்தை 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதே பின்னலில் மறுபடி கட்டி 2013-இல் திறந்தார்கள். “அது புதுசுதானே” என்று தவிர்த்துவிடாதீர்கள். மூட்டுகள் எப்படிப் பொருந்துகின்றன என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

கடைசியாக வின்ட்சர். வெர்மான்ட்டுக்கும் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே ஓடும் கனெக்டிகட் ஆற்றின் மேல் 1866-இல் கட்டியது, சுமார் 450 அடி. 1943 வரை சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். “குதிரையை நடத்திக்கொண்டு போ, இல்லையென்றால் இரண்டு டாலர் அபராதம்” என்ற பலகை வாசலுக்கு மேலே இருக்கிறது.

அக்டோபர் முதல் இரண்டு வாரம் இலைகள் சிவக்கும் நேரம், அழகுதான். ஆனால் சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. வார நாளில் போங்கள். சின்னப் பாலங்கள் பெரும்பாலும் ஒற்றை வழி. எதிரே வண்டி நுழைந்துவிட்டால் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், வின்ட்சர் பாலத்தின் நடுவில் வந்ததும் என் பையன் “நியூ ஹாம்ப்ஷயர் வந்தாச்சு!” என்று கத்தினான். எல்லை நடுவில் இல்லை. ஆறு கிட்டத்தட்ட முழுக்க நியூ ஹாம்ப்ஷயருக்குச் சொந்தம். வெர்மான்ட் கரையைத் தாண்டியதுமே வந்தாயிற்று.