கணவர் இறந்து நான்கு மாதம்: எந்த ஆபீஸில் எதைக் கேட்பது?

விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. பெயின்டர் வேலை பார்த்த கணவர் 41 வயதில் மாரடைப்பில் இறந்து நான்கு மாதமாகிறது. மகள் எட்டாவது படிக்கிறாள், மகன் நான்காவது. இவர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். "விதவைப் பென்ஷனுக்கு 40 வயசு ஆகணும் என்கிறார்கள். ஐயாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருத்தர் வந்து நிற்கிறார். கொடுக்கலாமா? வேறு என்ன உதவி கிடைக்கும்?"

கொடுக்காதீர்கள், அம்மா. அவர் செய்யப்போவதும் இ-சேவை மையத்தில் நீங்களே செய்யக்கூடிய அதே விண்ணப்பம்தான்.

40 வயது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். இந்திரா காந்தி பெயரிலுள்ள மத்திய அரசின் விதவை ஓய்வூதியத்துக்குத்தான் 40 வயது வேண்டும். தமிழக அரசுக்குத் தனியாக ஆதரவற்ற விதவை ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. அதற்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும். மாதம் ₹1,000 ஆக இருந்த தொகை 2023 ஆகஸ்டிலிருந்து ₹1,200 ஆனது. மனு கொடுக்கும்போது இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "விதவைப் பென்ஷன்" என்று பொதுவாகக் கேட்டால் மறுபடியும் 40 வயதுப் பதில்தான் வரும். கோட்டாட்சியர் தரும் "ஆதரவற்ற விதவைச் சான்று" வேறு. அது வேலைவாய்ப்பு முன்னுரிமைக்கானது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் அதற்காக அலைந்து மாதங்களை இழக்கிறார்கள்.

இனி, நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் விஷயம்: பெயர். தாலுகா ஆபீஸ் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆதாரில் முருகேஸ்வரி, ரேஷன் கார்டில் ஈஸ்வரி, பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல், வாக்காளர் அட்டையில் கணவரின் இனிஷியல். நான்கும் அவரேதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே உங்கள் தாள்களை இன்று இரவே தரையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இறப்புச் சான்றில் கணவர் பெயர் அவருடைய ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். திருத்தம் முதலில், விண்ணப்பம் பிறகு. ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கி, உங்களைக் குடும்பத் தலைவராக மாற்றும் வேலை வட்ட வழங்கல் அலுவலகத்தில். அதையும் இதோடு முடித்துவிடுங்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் பதியும்போது மாமியார் உயிரோடு இருந்தால் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். இறந்தவரின் தாயும் வாரிசுதான். விட்டுவிட்டால் வி.ஏ.ஓ. விசாரணையிலேயே மனு நின்றுவிடும்.

அடுத்தது, உங்களுக்கு யாருமே சொல்லாதது என்று நினைக்கிறேன். தேசிய குடும்ப நல உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதித்துப்போட்டவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் ஒரே தவணையாக ₹20,000 தருகிறார்கள். விபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மாரடைப்பும் இதில் வரும். பென்ஷனைப் போலவே இதையும் கவனிப்பது தாலுகா ஆபீஸின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுதான். பென்ஷன் மனுவோடு சேர்த்தே கொடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

பிள்ளைகளுக்கான உதவி இந்த ஆபீஸில் இல்லை. மிஷன் வத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் ₹4,000 நிதி ஆதரவு உண்டு. தாய் விதவையாக இருந்தால் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ₹72,000க்குள், மற்ற இடங்களில் ₹96,000க்குள் இருக்க வேண்டும். அதனால் வருமானச் சான்றில் என்ன தொகை போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள், தீப்பெட்டி ஆபீஸ் கூலியைக் கணக்குப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள். மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. விலாசம் தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்து கேட்கலாம். கேட்டவர் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடுவதில்லை, குழு ஒன்று கூடித்தான் முடிவு செய்யும். அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் மகள் படிப்பை நிறுத்தாமல் காப்பாற்ற, மாதாமாதம் வரும் தொகைகளில் பெரியது இதுதான்.

கணவர் கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருந்தாரா என்று தேடுங்கள். பெயின்டர்களும் அதில் சேரலாம். அட்டை இருந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) இறப்பு உதவி கேட்கலாம். அவருடைய பாஸ்புக்கையும் பதிவிட்டு வாங்கிப் பாருங்கள். மே, ஜூன் மாத வாக்கில் ₹436 பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. இயற்கை மரணத்துக்கும் ₹2 லட்சம் உண்டு. எப்போதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு மறந்துபோயிருப்பார்கள், வீட்டிலும் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மனு நகரும், எங்கே நிற்கிறது என்று அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க முடியும். ஒரு மாதமாகியும் அசைவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் சீட்டின் நகலோடு போங்கள். ஒரு நாள் கூலி போகும் என்பது தெரியும். அதற்கு வழியில்லாத வாரத்தில் முதல்வரின் உதவி எண் 1100க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தக் காகிதத்தை எங்களுக்கு அனுப்புங்கள், மேல்முறையீட்டை எழுத உதவுகிறேன்.