நம்ம ஊர் ஜனத்தொகை கணக்கு எங்க கிடைக்கும்?

கேள்வி: அண்ணே, எங்க தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்துல ஒரு மனு எழுதணும், ஊர்ல இந்தியர் எத்தனை பேருன்னு கணக்கு கேக்குறாங்க. ஆபீசுக்கு நேர்ல போகணுமா? – வாசகி, சுங்கை சிப்பூட்

பதில்: வேணாம்மா, போன்லயே பாக்கலாம். மலேசியப் புள்ளிவிவர இலாகாவோட 'ஓப்பன்டோசம்' வெப்சைட்ல 'கவாசான்கு'ன்னு ஒரு பகுதி இருக்கு, அதுல பேராக்க தொட்டு சுங்கை சிப்பூட் நாடாளுமன்றத் தொகுதியை எடுத்தா 2020 சென்சஸ் படி இனம், வயசு, ஆண் பெண் எல்லாம் வரும், லிந்தாங், ஜாலோங்னு சட்டமன்றத் தொகுதி வாரியாவும் பிரிச்சு பாக்கலாம். ஒண்ணு கவனிங்க, கோலகங்சார் மாவட்டக் கணக்கை எடுத்துறாதீங்க, அது வேற எல்லை, மனுவுல கலந்து எழுதுனா கேள்வி வரும். அந்த வெப்சைட்ல இருக்குற வருமானக் கணக்கு சென்சஸ்ல எடுத்தது இல்ல, குடும்ப வருமான சர்வேயில எடுத்தது, அதனால ஆண்டை தனியா போடுங்க. தோட்டம் தோட்டமா கணக்கு அதுல வராதும்மா. அதுக்கு பிள்ளைங்க பேர் பட்டியலை பள்ளியிலயே எடுத்து கூட வச்சிடுங்க, மனுவுக்கு அதுதான் பலம்னு நான் நினைக்கிறேன்.