கையால் செய்யும் வளையலுக்கு எப்படி அளவு எடுப்பது?

மதுரை தெற்காவணி மூல வீதியில் அம்மாவுக்கு வளையல் செய்யக் கொடுக்கவிருக்கும் நீங்கள், மணிக்கட்டைச் சுற்றி நூல் பிடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மூடிய வளையல் கடக்க வேண்டியது விரல் முட்டிகளை. ஆகவே கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கை மிக அகலமாக இருக்கும் இடத்தைச் சுற்றி நூலை இறுக்காமல் பிடித்து, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் உள்விட்டம் கிடைக்கும்.

கடைக்காரர் சொல்லும் 2-4, 2-6 ஆகிய உள்விட்ட அளவுகளைப் பலர் தசமம் என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டாவது எண், அங்குலத்தைப் பதினாறாகப் பகுத்ததில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. எனவே 2-4 என்பது 2¼ அங்குலம், ஏறத்தாழ 57 மி.மீ.; 2-6 சுமார் 60 மி.மீ.; 2-8 என்பது 63.5 மி.மீ. ஒரு படி மாறினால் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் மாறும் என்பதால், இதில் தோராயம் கூடாது.

சித்திரை வெயிலில் விரல்கள் சற்று உப்பும். காலையில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாமல், மாலையிலும் அளந்து பாருங்கள். அகலப் பட்டை வளையலுக்குச் சற்றே கூடுதல் அளவு தேவை. அம்மாவுக்கு விரல் முட்டிகளில் வீக்கம் இருந்தால், திருகாணி வைத்துத் திறக்கும் வளையலே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கல் பதித்த பிறகு பெரிதாக்குவது கடினமாதலால், பதிப்பதற்கு முன்பே ஒருமுறை அணிந்து பார்க்க ஆசாரியிடம் கேளுங்கள்.