லாபத்தில் நஷ்டத்தைக் கழிக்க முடியுமா?

கேள்வி: 50,000 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயினை 80,000-க்கு விற்றேன். இன்னொரு காயினில் 20,000 நஷ்டம். மீதி 10,000-க்கு மட்டும் வரி கட்டினால் போதுமா? பிட்காயினைச் சொந்த வாலட்டில் வைப்பது நல்லதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போதாது. பிட்காயின் போன்ற கிரிப்டோ (டிஜிட்டல் நாணயங்கள்) முதலீட்டில் ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவோ, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ சட்டம் இடம் தரவில்லை. முழு 30,000-க்கும் 30 சதவீத வரி 9,000. அதன்மேல் 4 சதவீத செஸ் (வரியின்மேல் போடும் கூடுதல் வரி) 360. ஆக 9,360. மீதி 10,000-இல் கையில் நிற்பது வெறும் 640 ரூபாய்! மற்ற வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் இந்த வரி உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. அதனால்தான் அடிக்கடி வாங்கி விற்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

விற்ற 80,000-இல் 1 சதவீதம், அதாவது 800 ரூபாய், டிடிஎஸ் (விற்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என்று பிடித்திருப்பார்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

நீண்ட நாள் வைத்திருப்பதானால் சொந்த வாலட் (காயின்களின் சாவியை நாமே வைத்துக்கொள்ளும் செயலி அல்லது கருவி) நல்லது. வாங்கிய தளத்திலிருந்து வாலட்டுக்கு முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள். அனுப்பும்போது தேர்ந்தெடுக்கும் நெட்வொர்க் (காயின் பயணிக்கும் வலையமைப்பு) மாறினால் பணம் திரும்புவது கடினம். வாலட்டைத் திரும்பப் பெற உதவும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைப் போனில் படம் பிடிக்காதீர்கள். தாளில் எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். தானே புயலைப் பார்த்த ஊர், ஈரம் படாத உறை அவசியம்.