இணைய இணைப்போடு கிடைத்த மின்னஞ்சல் முகவரி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பிராட்பேண்ட் நிறுவனம் இணைப்போடு சேர்த்துக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். பழைய கணினியில் விண்டோஸ் மெயிலில் பார்த்துவந்தேன். இப்போது வாங்கிய லேப்டாப்பில் அது இல்லை. மெயிலை அமைத்துத் தரக் கடைக்காரர் 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. விவரங்கள் கையில் இருந்தால் இது கால் மணி நேர வேலை. பணம் போவதைவிட, பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு வருவதுதான் எனக்குக் கவலை. உங்கள் மற்ற பல கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான லிங்க் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். யாரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும், பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள்.

நீங்கள் பயன்படுத்திய மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாகத் தரும் புதிய அவுட்லுக்கில் வேறு நிறுவனத்தின் மெயிலைச் சேர்த்தால், உங்கள் கடிதங்கள் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிலும் ஒரு பிரதியாகச் சேரும். சேர்க்கும்போதே திரையில் அதைச் சொல்கிறார்கள். படிக்காமல் 'தொடர்க' அழுத்துகிறவர்கள்தான் அதிகம். இலவசக் கணக்கு என்றால் இன்பாக்ஸில் விளம்பரமும் வரும். அதனால் நான் தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியைச் சொல்வேன். 2004-லிருந்து இருக்கிறது, இலவசம், கடிதங்கள் உங்கள் கணினிக்கு நேராக வந்து சேரும். 2024 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்கும் கிடைக்கிறது.

தண்டர்பேர்டைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிரவுசரில் நிறுவனத்தின் வெப்மெயில் பக்கத்துக்குப் போய், முகவரியும் பாஸ்வேர்டும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு, பில் கட்டும் பக்கத்துக்கு ஒன்று, மெயிலுக்கு இன்னொன்று என்று பல இடங்களில் மூன்றும் தனித்தனி. பழைய கணினி பாஸ்வேர்டை நினைவில் வைத்திருந்ததால் நமக்கு மறந்துபோயிருக்கும். 'செட்டிங்ஸ் சரியில்லை' என்று மணிக்கணக்கில் போராடுகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இங்கேதான்.

அது சரியாக இருந்தால், நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலிருந்து உள்வரும் சர்வரின் பெயர், வெளிச்செல்லும் சர்வரின் பெயர், அவற்றின் போர்ட் எண்கள் (சர்வரில் எந்த வாசல் வழியாக நுழைவது என்று சொல்லும் எண்கள்) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டில் பெயர், முகவரி, பாஸ்வேர்டு கொடுத்தால் மற்றதை அதுவே தேடிப் பிடிக்கும். பெரிய நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் சரியாக வரும். சிறிய நிறுவனம் என்றால் அது ஊகித்ததை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டு, மாறியிருப்பதைத் திருத்துங்கள். உள்வரும் பக்கம் ஐமேப் (கடிதங்களைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் காட்டும் முறை), போர்ட் 993 என்பது வழக்கம். யூசர்நேம் கேட்கும் இடத்தில் முழு முகவரியையும் கொடுத்துப் பாருங்கள்.

சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் சரியில்லை, விதிவிலக்கு சேர்க்கவா என்று எச்சரிக்கை வந்தால் உடனே சம்மதிக்காதீர்கள். முதலில் சர்வர் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், நிறுவனத்திடம் கேட்ட பிறகே மேலே போங்கள்.

கேள்வி: மெயில் வருகிறது, ஆனால் அனுப்பினால் போவதில்லை. வீட்டில் இருக்கும்போதாவது போய்க்கொண்டிருந்தது. மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்தால் சுத்தமாகப் போகவில்லை.
- வாசகி, மதுரை

பதில்: வாங்குவதும் அனுப்புவதும் இரண்டு தனி சர்வர்களின் வேலை. அதனால் ஒன்று சரியாக இருந்து மற்றது படுத்துவிடுவது சகஜம். உங்கள் வெளிச்செல்லும் போர்ட் 25 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு காலத்தில் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் அந்த வழியாக ஸ்பேம் மெயில்களைக் கொட்டியதால், பல இணைய நிறுவனங்கள் தங்கள் இணைப்பில் அதை அடைத்துவிட்டன. 587 என்று மாற்றி, பாதுகாப்பில் ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள். அல்லது 465 போட்டு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள். எண்ணையும் பாதுகாப்பு முறையையும் மாற்றிக் கோத்துவிட்டால் இரண்டுமே ஓடாது.

வீட்டில் மட்டும் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தன் சொந்த இணைப்பிலிருந்து வருகிறவர்களிடம் பாஸ்வேர்டு கேட்காமலே மெயிலை வாங்கிக்கொள்ளும் சர்வர்கள் உண்டு. வெளி இணைப்பிலிருந்து போனால் அதே சர்வர் மறுத்துவிடும். வெளிச்செல்லும் சர்வர் அமைப்பில் 'அங்கீகாரம் இல்லை' என்று இருந்தால், 'சாதாரண பாஸ்வேர்டு' என்று மாற்றி யூசர்நேமையும் கொடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் பார்த்த மெயில்கள் கொஞ்ச நாள் கழித்துப் போனில் காணவில்லை. யாராவது அழிக்கிறார்களா?
- வாசகர், திருப்பூர்

பதில்: யாரும் அழிக்கவில்லை. லேப்டாப்பில் பாப் முறையில் அமைத்திருப்பீர்கள். அது கடிதத்தைக் கணினிக்கு இறக்கியபின் சர்வரிலிருந்து எடுத்துவிடும். தண்டர்பேர்டிலும் அவுட்லுக்கிலும் 'சர்வரில் 14 நாள் வைத்திரு' என்று ஏற்கெனவே குறித்திருக்கும். அந்தக் கெடு முடிந்ததும் போனில் மறைகிறது. இரண்டு கருவிகளில் பார்ப்பவருக்கு ஐமேப்தான் ஏற்றது. ஆனால் பழைய பாப் கணக்கை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். இறங்கிய கடிதங்கள் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன. ஐமேப் கணக்கைப் பக்கத்தில் சேர்த்து, கடிதங்களை அதற்குள் நகலெடுத்து, போனில் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகு நீக்குங்கள். சர்வரில் எவ்வளவு இடம் தருகிறார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய திட்டங்களில் மிகக் குறைவாக இருக்கும்.

கேள்வி: வேறு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறப்போகிறேன். பழைய முகவரியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியுமா?
- சிறுதொழில் நடத்துபவர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் முடியாது. மொபைல் எண்ணைக் கையோடு கொண்டுபோகும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. மின்னஞ்சலுக்கு அப்படி எதுவும் இல்லை. முகவரியின் பின்பாதி நிறுவனத்தின் பெயர். இணைப்பு போனால் பெட்டியும் போகும். நீங்கள் மாறாவிட்டாலும் நிறுவனமே கைவிடலாம். அமெரிக்காவில் வெரைசன் 2017-ல் தன் மெயில் சேவையை மூடியது. முகவரி வேண்டுமென்றவர்கள் ஏஓஎல் என்ற மெயில் சேவைக்குப் போக வேண்டியிருந்தது. 2024-ல் காக்ஸ் தன் வாடிக்கையாளர்களின் மெயிலை யாஹூவிடம் ஒப்படைத்தது. ஆஸ்திரேலியாவின் டிபிஜியும் 2023-ல் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டது. இணைப்பு விற்கிறவர்களுக்கு மெயில் செலவு வைக்கும் வேலையாகிவிட்டது.

அதனால் பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். புது முகவரி ஒன்றை எடுங்கள். தொழில் நடத்துகிறீர்கள் என்பதால், சொந்த டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும், நீங்களே பதிவு செய்துகொள்ளும் பெயர்) வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆனால் மெயில் நிறுவனம் மாறினாலும் முகவரி மாறாது. அப்புறம் வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி, எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்ட் என்று ஒவ்வோரிடமாக முகவரியை மாற்றுங்கள். மாற்றுவதற்கான ஓடிபியைப் பழைய முகவரிக்கு அனுப்பும் இடங்கள் உண்டு. பெட்டியை மூடியபின் போனால் படிவம், கிளை அலுவலகம் என்று அலைய வேண்டிவரும்.

கடிதங்களைத் தண்டர்பேர்டின் 'உள்ளூர் கோப்புறைகள்' பகுதிக்கு நகலெடுங்கள். ஐமேப் பெட்டியில் கண்ணுக்குத் தெரிகிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அது சர்வரில் இருப்பதன் பிரதிபலிப்புதான். நகலெடுத்தபின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, இணைப்புக் கோப்பு உள்ள நாலைந்து கடிதங்களைத் திறந்து பாருங்கள். திறந்தால் சரி. தண்டர்பேர்டை மூடிவிட்டு கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டரை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டுவையுங்கள்.

ரத்து செய்தபின் எத்தனை நாள் பெட்டி திறந்திருக்கும், பிறகு அதே முகவரியை வேறொருவருக்குத் தருவார்களா என்ற இரண்டையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் புகார் எண் வாங்குங்கள். அடுத்த படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதியலாம்.

கேள்வி: கூகுளில் கிடைத்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். மெயிலைச் சரிசெய்ய, தூரத்திலிருந்தே என் திரையைப் பார்த்து இயக்க விடும் எனிடெஸ்க் செயலியை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடாது அம்மா. மெயில் செட்டிங்ஸுக்கு உங்கள் திரை அவர்களுக்குத் தேவையே இல்லை. நிறுவனத்தின் எண்ணைப் பில்லில் பார்த்து அழையுங்கள். ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தால் இணையத்தை நிறுத்தி அந்தச் செயலியை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.