முளையும் களையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மனித இயல்பு நல்லது என்கிறார் மென்சியஸ். நாம் ஏற்கெனவே நல்லவர்கள் என்றால், கன்பூசிய மரபில் இத்தனை ஒழுக்கப் பயிற்சி எதற்கு?

பதில்: கி.மு. 4-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் வாழ்ந்த, கன்பூசியஸின் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ், நன்மை நமக்குள் விளைந்து நிற்கிறது என்று சொல்லவில்லை. முளைவிட்டிருக்கிறது என்றுதான் சொன்னார். பிறர் துன்பம் கண்டு பதறுவது, தவறுக்கு வெட்குவது, விட்டுக்கொடுப்பது, சரி தவறு அறிவது என முளைகள் 4. வளர்த்தால் இவை முறையே மனிதநேயம், அறநேர்மை, முறைமை, அறிவு என்று ஆகும்.

அவர் காட்டும் சான்று, கிணற்றில் விழப்போகும் குழந்தை. அதைத் திடீரென்று பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும். பெற்றோரின் தயவுக்காகவோ ஊரார் மெச்சவேண்டும் என்றோ அல்ல. ஆனால் ‘எல்லோரும் ஓடிப்போய்த் தூக்குவார்கள்’ என்று அவர் சொல்லவில்லை. பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. பதற்றம் இயல்பாக வரும். அதைச் செயலாக்குவதற்குத்தான் பயிற்சி.

அந்தப் பயிற்சியின் பெயர் ‘விரித்தல்’. சீ நாட்டு மன்னர் சுவான், புதிதாக வார்த்த மணியைப் புனிதப்படுத்துவதற்காகப் பலியிட இழுத்துச் சென்ற மாடு நடுங்குவதைப் பார்த்து மனமிரங்கினார். அதை விட்டுவிட்டு ஆட்டைப் பலியிடச் சொன்னார். குடிமக்கள் அவரைக் கஞ்சன் என்றார்கள். மென்சியஸோ, மாட்டைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார். பிறகு கேட்டார்: விலங்கை எட்டிய அந்த இரக்கம் உங்கள் மக்களை ஏன் எட்டவில்லை? முடியாததால் அல்ல, செய்யாததால். ஆக, முதலில் உங்களுக்குத் தானாகவே இரக்கம் சுரக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதே மனத்தோடு, இரக்கம் சுரக்காத அடுத்த இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: முயன்றும் பலர் தோற்பது ஏன்?

பதில்: சோங் நாட்டு உழவன் ஒருவன், பயிர் வளரவில்லையே என்ற கவலையில் ஒவ்வொரு நாற்றையும் மேலே இழுத்துவிட்டு, ‘இன்று வளர உதவினேன்’ என்று களைத்து வீடு திரும்பினான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன. மென்சியஸ் சொன்ன கதை இது. களையே எடுக்காமல் விடுவது ஒரு பிழை. இழுப்பது அதைவிடப் பெரிய பிழை, பயிரையே கொல்லும். மனம் ஒப்பாமல் பெருந்தன்மையைக் காட்டுவது அப்படி இழுப்பதுதான். சிறுசிறு நேர்மையான செயல்கள் சேர்ந்து வருவதால்தான் உள்ளுரம் பிறக்கிறது. ஒரே பெருஞ்செயலால் அதைப் பிடித்துவிட முடியாது.

கேள்வி: தினமும் செய்யத்தக்கதாக ஏதேனும் உண்டா?

பதில்: கன்பூசியஸின் மாணவர் ட்செங்சி நாள்தோறும் தம்மைச் சோதித்துக்கொண்ட 3 கேள்விகள் இருக்கின்றன. பிறருக்காகச் செய்த வேலையில் முழு மனத்தோடு இருந்தேனா? நண்பரிடம் சொன்ன சொல்லைக் காத்தேனா? கற்றுத்தந்ததைப் பழகினேனா? மூன்றும் அன்றைய நாளின் செயலைப் பற்றியவை. ‘நான் நல்லவனா’ என்ற கேள்வி அதில் இல்லை. நீங்களும் அதைச் சேர்க்காதீர்கள். அதற்கு ஒரே நாளில் விடை கிடைக்காது, மற்ற மூன்றுக்கும் கிடைக்கும்.