ஆங்கிலம் அறிவோம்: ‘யூ விசிட்டிங்’, ‘யுவர் விசிட்டிங்’ – எது சரி?

கேள்வி: நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். சிறப்பு விருந்தினர் ஒருவருக்கு அனுப்பவிருந்த கடிதத்தில் ‘வி லுக் ஃபார்வர்ட் டு யூ விசிட்டிங் அவர் காலேஜ்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் கண்காணிப்பாளர் ‘யூ’ என்பதை அடித்துவிட்டு ‘யுவர்’ என்று திருத்தினார். நான் எழுதியது போன்ற வாக்கியங்களை ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறேன். அது பிழைதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பிழை அன்று. ஆயினும் அந்தக் கடிதத்துக்குக் கண்காணிப்பாளர் செய்த திருத்தமே பொருத்தமானது.

‘விசிட்டிங்’ என்பது இங்கே ஜெரண்ட், அதாவது நம் இலக்கணம் சொல்லும் தொழிற்பெயர். ‘யுவர் லெட்டர்’, ‘யுவர் ஹவுஸ்’ என்று பெயருக்கு முன் உடைமைச் சொல் வருவதுபோல ‘யுவர் விசிட்டிங்’ என்றே வர வேண்டும் என்பது மரபிலக்கணத்தின் வாதம். நீங்கள் எதிர்நோக்குவது அந்த மனிதரை அல்ல, அவர் வருவதை என்பதால் இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஹென்றி ஃபவுலர் 1926இல் வெளியிட்ட ‘எ டிக்‌ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்’ என்னும் நூலில், உடைமைச் சொல் இல்லாத அமைப்பை ‘ஃப்யூஸ்டு பார்ட்டிசிப்பிள்’ (ஒட்டிப்போன பார்ட்டிசிப்பிள்; பார்ட்டிசிப்பிள் என்பது நம் எச்சம் போன்ற வினைவடிவம்) என்று குறிப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தார். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் அதை ஏற்கவில்லை. ஆங்கிலத்தின் தேர்ந்த எழுத்தாளர்களே இப்படி எழுதியிருப்பதைச் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார். என் பார்வையில் யெஸ்பர்சன் பக்கமே உண்மை அதிகம்.

அதற்குக் காரணம் மொழியின் வரலாற்றிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்ற ஈறும், பார்ட்டிசிப்பிளுக்கு ‘எண்டெ’ என்ற வேறோர் ஈறும் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் மெல்ல மெல்ல ‘இங்’ என்ற ஒரே வடிவத்துக்குள் வந்து சேர்ந்தன. அதனால்தான் உங்கள் வாக்கியத்தில் உள்ள ‘விசிட்டிங்’, பெயரைப் போல ‘டு’வுக்குப் பின் நிற்கும்போதே, வினையைப் போல ‘அவர் காலேஜ்’ என்ற செயப்படுபொருளையும் நேராக ஏற்கிறது. அதன் பெயர்த்தன்மையைப் பார்த்தவர் ‘யுவர்’ என்பார். வினைத்தன்மையைப் பார்த்து அதற்கு ஓர் எழுவாய் வேண்டும் என்று உணர்ந்தவர் ‘யூ’ என்பார். தவிர, ‘ஹெர்’ என்ற சொல் ‘ஹிஸ்’ போன்ற உடைமை வடிவம், ‘ஹிம்’ போன்ற செயப்படுபொருள் வடிவம் ஆகிய இரண்டு வேலைக்கும் ஒன்றே. ‘த பாய்ஸ் ஷவுட்டிங்’ என்பதில் உடைமைக் குறி உண்டா இல்லையா என்பது எழுத்தில் தெரியுமே தவிரக் காதுக்குத் தெரியாது.

தமிழிலும் இந்த இரு வழிகள் உள்ளன. ‘நீங்கள் எங்கள் கல்லூரிக்கு வருவதை எதிர்நோக்குகிறோம்’ என்கிறோம். ‘உங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம்’ என்றும் சொல்கிறோம். ‘வருவது’ எழுவாயைக் கேட்கிறது, ‘வருகை’ ஆறாம் வேற்றுமையைக் கேட்கிறது. நமக்கு இரண்டும் தனித்தனிச் சொற்களாக இருப்பதால் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் ஒரே ‘விசிட்டிங்’ இரண்டு பக்கமும் நிற்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில், விண்ணப்பம், அலுவல் கடிதம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றில் பிரதிப்பெயர் வந்தால் உடைமை வடிவத்தையே எழுதுங்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் அது வருமானால் இன்னும் கண்டிப்பாக எழுதுங்கள்: ‘ஹிஸ் கமிங் லேட் டிலேய்டு த மீட்டிங்’ என்பதே நன்று, ‘ஹிம் கமிங் லேட்’ என்று தொடங்கினால் பேச்சுவழக்காக ஒலிக்கும். பேச்சில் ‘டூ யூ மைண்ட் மீ ஓப்பனிங் த விண்டோ’ என்று கேட்பது முற்றிலும் இயல்பானது; அதைத் திருத்தப் போவது வீண் வேலை.

ஆனால், உடைமை வடிவத்தை எங்கும் திணித்துவிடக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்ல வேண்டும். ‘தேர் இஸ் நோ சான்ஸ் ஆஃப் தட் ஹேப்பனிங்’ என்பதில் ‘தட்’ என்பதற்கு உடைமை வடிவம் கிடையாது. ‘தேர் இஸ் எ டேஞ்சர் ஆஃப் த ரூஃப் ஃபாலிங் இன்’ என்பதைப் போல உயிரற்ற பொருளைக் குறிக்கும் பெயருக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. ‘த பீப்பிள் இன் த பேக் ரோ’ போன்ற நீண்ட தொடரின் இறுதியில் உடைமைக் குறியை ஒட்டினால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

உங்கள் கடிதத்துக்கு ஒரு யோசனை: ‘வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்’ என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. ‘விசிட்’ போன்ற நேரடிப் பெயர்ச்சொல் ஒன்று கைவசம் இருக்கும்போது ஜெரண்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கேள்வி: ஜெரண்டுக்கு முன் உடைமைச் சொல் வர வேண்டும் என்று கற்பித்த பிறகு, என் மாணவர்கள் ‘ஐ சா ஹிஸ் கிராஸிங் த ரோடு’ என்று எழுதுகிறார்கள். இது ஏன் தவறு என்று எப்படி விளக்குவது?
– ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: ‘இங்’ ஈற்றில் முடிவதெல்லாம் ஜெரண்ட் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வதால் நேரும் தவறு இது. ‘ஐ சா ஹிம் கிராஸிங் த ரோடு’ என்பதில் கண்ணில் பட்டவர் அவர்; சாலையைக் கடந்துகொண்டிருந்த நிலையில் பட்டார். ‘கிராஸிங்’ அவருடைய நிலையைச் சொல்லும் பார்ட்டிசிப்பிள் என்பதால் உடைமைச் சொல்லுக்கு இங்கே இடமில்லை. ‘சீ’, ‘ஹியர்’, ‘வாட்ச்’, ‘கீப்’, ‘ஃபைண்ட்’ போன்ற வினைகளுக்குப் பின் இந்த அமைப்பே வரும். ‘ஹி கெப்ட் மீ வெய்ட்டிங்’ என்பதில் ‘மீ’யை ‘மை’ ஆக்க எவரும் துணிய மாட்டார். அந்த எடுத்துக்காட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பிறகு ‘ஐ ஆப்ஜெக்ட் டு ஹிஸ் கிராஸிங் த ரோடு ஹியர்’ என்ற வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதிப் போட்டு, ‘ஆட்சேபம் ஆளின் மீதா, செயலின் மீதா?’ என்று கேளுங்கள். செயலின் மீது என்ற விடையை அவர்களே சொல்வார்கள். இந்த ஒரு கேள்வியை விதிக்கு முன்பாகக் கற்பித்துவிட்டால், விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் பழக்கம் பெருமளவு குறையும்.

கேள்வி: ‘ஹிஸ் பெயிண்டிங் த வால்’, ‘ஹிஸ் பெயிண்டிங் ஆஃப் த வால்’ இரண்டும் ஒன்றா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பொருள் ஏறக்குறைய ஒன்று, இலக்கணம் வேறு. ‘ஆஃப்’ வந்துவிட்டால் ‘பெயிண்டிங்’ முழுப்பெயர் ஆகிவிடுகிறது. அதற்கு முன் பெயரடைதான் வரும்: ‘ஹிஸ் கேர்ஃபுல் பெயிண்டிங் ஆஃப் த வால்’. ‘ஆஃப்’ இல்லாதபோது அது இன்னும் பாதி வினை. அதனால் வினையடையை ஏற்கும்: ‘ஹிஸ் கேர்ஃபுலி பெயிண்டிங் த வால்’. ‘ஆஃப்’ வரும் வகைக்கு முன் செய்பவரைக் குறிக்க ‘ஹிஸ்’தான் வரும், ‘ஹிம்’ ஒருபோதும் வராது. மேலே பேசிய ‘யூ’, ‘யுவர்’ விவாதம் முழுவதும் ‘ஆஃப்’ இல்லாத வகைக்கு மட்டுமே உரியது.